முதல் மாரத்தான்: ஓடாத நேரத்தில் உடல் செய்யும் வேலை

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். என் முதல் மாரத்தானுக்குத் தயாரான ஆறு மாதத்தில் நான் ஓடியது வாரத்துக்கு ஐந்து மணி நேரம், மிஞ்சிப்போனால் ஆறு. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், வேளச்சேரியிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு மணி நேரப் பயணம், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வேலை, இடையில் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போவது. இதற்கு நடுவே 42.195 கிலோமீட்டர் ஓட உடம்பைப் பழக்க முடியுமா என்ற பயம் எனக்கு நிறையவே இருந்தது.

உடலியலைப் படிக்கப் படிக்க அந்தப் பயம் வேறு பக்கம் திரும்பியது. ஓடும்போது உடம்பு தேய்கிறது. சர்க்கரை தீர்கிறது, தசை இழைகளில் நுண்ணிய கிழிசல் விழுகிறது, எலும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் உண்டாகிறது. அதையெல்லாம் சரிசெய்து முன்பைவிடப் பலமாகக் கட்டும் வேலை மீதி 162 மணி நேரத்தில், நாம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் நடக்கிறது. நேரமில்லாதவர்கள் கவலைப்பட வேண்டியது அந்த 162 மணி நேரத்தைப் பற்றி.

முதலில் எரிபொருள் கணக்கைப் பார்ப்போம். ஓடுவதற்குத் தோராயமாக ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கலோரி செலவாகும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு முழு மாரத்தானுக்கு 2,500 கலோரி வேண்டும். தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 500 கிராம், அதாவது 2,000 கலோரி. அதுவும் முழுதாகக் கைக்கு வராது. ஒரு தசையில் இருக்கும் கிளைகோஜனை அந்தத் தசை மட்டுமே எரிக்க முடியும். அதை உடைத்து இரத்தத்தில் விடுவதற்கான நொதி தசையில் கிடையாது. தோளிலும் கையிலும் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் காலுக்கு உதவாது. முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் கால் இரும்பாகக் கனத்து, தலை கிறுகிறுத்து, ஓட்டக்காரர்கள் ‘சுவரில் மோதுவது’ என்று சொல்லும் நிலை வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கொழுப்பின் கணக்கு வேறு. அதே அறுபது கிலோ உடலில் பன்னிரண்டு கிலோ கொழுப்பு இருந்தால் அதில் தொண்ணூறாயிரம் கலோரிக்கு மேல் இருக்கிறது. முப்பது மாரத்தானுக்கும் போதும். ஆனால் கொழுப்பை எரிப்பது மெதுவான வேலை, ஆக்சிஜனும் கூடுதலாக வேண்டும். அந்த வேலை நடக்கும் இடம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அது எண்ணிக்கையிலும் அளவிலும் பெருகினால், அதே வேகத்தில் ஓடும்போது கொழுப்பின் பங்கு கூடும், சர்க்கரை மிச்சமாகும், சுவர் தள்ளிப்போகும். மாரத்தான் பயிற்சியில் பெரும்பகுதி இந்த ஒன்றுக்காகத்தான்.

பயிற்சியால் மைட்டோகாண்ட்ரியா பெருகும் என்பதை 1967-ல் காட்டியவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த ஜான் ஹொலோசி. எலிகளைச் சில மாதம் டிரெட்மில்லில் ஓடவிட்டு, அவற்றின் கால் தசையைச் சோதித்தார். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதிகளின் அளவு ஓடாத எலிகளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. பிற்பாடு அவருடைய குழு இன்னொன்றையும் அளந்தது. இந்தப் புரதங்கள் நிலையாக இருப்பவை அல்ல. எலித் தசையில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பாதி சிதைந்து, புதிதாக உற்பத்தியாகின்றன. எனவே பயிற்சி தொடங்கினால் புதிய அளவை எட்ட நான்கைந்து வாரம் பிடிக்கிறது. நிறுத்தினாலும் அதே கதியில் கீழே இறங்குகிறது. பரபரப்பாக வாழ்பவருக்கு இது தெரிந்திருப்பது நல்லது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் ஓடாமல் விட்டால் சேர்த்தது கரைந்துவிடாது, ஒரு மாதம் விட்டால் கரையும்.

ஓட்டம் உடலுக்குக் கொடுக்கும் உத்தரவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் இருவரும் 1966-ல் வெளியிட்டது. சோதனைக்குத் தங்களையே உட்படுத்திக்கொண்டார்கள். களைத்துப்போகும்வரை ஒரு காலால் மட்டும் சைக்கிள் மிதிப்பது, மற்றக் காலைச் சும்மா வைத்திருப்பது. அப்புறம் மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. தினமும் இரண்டு தொடையிலும் ஊசியால் துளி தசையை எடுத்துப் பார்த்தார்கள். சும்மா இருந்த காலில் கிளைகோஜன் பெரிதாக மாறவில்லை. மிதித்த காலில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்ந்திருந்தது. ஒரே உடம்பு, ஒரே இரத்தம், ஒரே சாப்பாடு. வேலை செய்து காலியான தசைதான் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்கிறது, அதையும் ஓய்வெடுத்த அந்த மூன்று நாளில்.

இங்கே பலரும் செய்யும் தவறு, கிடைக்கிற 45 நிமிடத்தையும் இரைக்க இரைக்க ஓடித் தீர்ப்பது. நேரம் குறைவு, அதனால் வேகமாக ஓடினால் ஈடுகட்டலாம் என்று தோன்றும். மூச்சு இரைக்கும் வேகத்தில் உடம்பு சர்க்கரையைத்தான் அதிகம் எரிக்கும். களைப்பு ஆற இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் அடுத்த ஓட்டம் வந்துவிடும். ஓட்டக்காரர்கள் ‘ஈஸி ரன்’ என்று சொல்லும் வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம்கூடத் தேவையில்லை. ஓடிக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டு, என்ன சமையல் என்று கேட்டு, பதிலுக்கு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் முக்கால் பங்கு ஓட்டத்தை இப்படி ஓடினாலே போதும்.

இனி, அடிபடுவதைப் பற்றி. உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் பலம் பெறுவதில்லை. பயிற்சி தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது, மூச்சு இலகுவாகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தசையைச் சுற்றிய நுண்குழாய்களுக்கும் வாரக்கணக்கு. தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு. நெஞ்சு ‘இன்னும் ஓடலாம்’ என்று சொல்லும் நாளில் எலும்பு தயாராக இருக்காது.

எலும்பு தன்னைப் புதுப்பிக்கும் விதம் தரையில் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் புதிது பதிப்பது போன்றது. கீறல் விழுந்த இடத்தை ஒருவகைச் செல்கள் முதலில் கரைத்துக் குழியாக்கும். இதற்குச் சில வாரம். பிறகு வேறு செல்கள் வந்து அந்தக் குழியை நிரப்பிக் கெட்டியாக்கும்; இதற்கு மூன்று மாதம்போல ஆகும். பெயர்த்ததற்கும் பதித்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது.

எனக்கு அந்த எலும்பு வலி ஒன்பதாவது வாரத்தில் வந்தது. மாதக் கடைசி, செவ்வாய் வியாழன் இரண்டு ஓட்டமும் போயிற்று. அதற்கு முந்தைய ஞாயிறு ஓடியது 16 கிலோமீட்டர். விட்டதையும் சேர்த்து ஓடிவிடலாம் என்று அந்த ஞாயிறு 26 ஓடினேன். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை, மூச்சுகூட நன்றாகவே இருந்தது. செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்கும்போது கணைக்கால் எலும்பின் உட்பக்கம் சுருக்கென்றது. விரல் நுனியால் அழுத்தினால் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் மட்டும் வலி. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. ஆரம்பக் கட்டத்தில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு தாங்கவில்லை, மூன்று வாரம் ஓடாதீர்கள் என்றார் மருத்துவர். விட்ட ஓட்டம் விட்டதுதான் என்பதை அன்று முடிவு செய்தேன். அடுத்த நாளில் சேர்த்து ஓடுவதை அதோடு நிறுத்தினேன்.

அந்த மூன்று வாரத்தில் எல்லாம் போய்விடும் என்ற கவலைக்கும் ஆய்வில் பதில் இருந்தது. எட்வர்ட் கொய்லும் அவருடைய குழுவும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்திய முதல் மூன்று வாரத்தில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 7 சதவீதம்தான் குறைந்தது.

எலும்பைப் பற்றி நேரமில்லாதவர்களுக்கு நல்ல செய்தியும் உண்டு. தொடர்ந்து அதிர்ச்சி கொடுத்துக்கொண்டே இருந்தால் எலும்புச் செல்கள் சிறிது நேரத்தில் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடுகின்றன. சில மணி நேரம் விட்டுக் கொடுத்தால் மறுபடி கவனிக்கின்றன. எலிகளில் செய்த சோதனைகளில், ஒரே அளவு பளுவை இடைவெளி விட்டுப் பிரித்துக் கொடுத்தபோது எலும்பு கூடுதலாக வளர்ந்தது. ஆகவே ஒரே மூச்சில் 45 நிமிடம் கிடைக்காத நாளில் காலையில் 25, மாலையில் 20 என்று பிரித்து ஓடுவதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

பிரிக்கக் கூடாதது ஒன்றுதான்: வாரத்துக்கு ஒருமுறை வரும் லாங் ரன் என்ற நீண்ட ஓட்டம். இரண்டு மணி நேரத்தைத் தாண்டியதும் தசையில் கிளைகோஜன் வெகுவாக இறங்குகிறது. எரிபொருள் குறைந்ததை உணரும் நொதி விழித்துக்கொண்டு, மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் மரபணுக்களைத் தூண்டும் பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதத்தை முடுக்குகிறது. இதுவரை ஓடிய இழைகள் களைத்துப்போக, வழக்கமாகச் சும்மா இருக்கும் இழைகளும் வேலைக்கு வருகின்றன. கடைசி அரை மணி நேரத்தில் கிடைக்கும் இந்தப் பயனைக் காலை பாதி, மாலை பாதி என்று ஓடி வாங்க முடியாது. என் வீட்டில் ஞாயிறு காலை எட்டு மணிவரை என்னை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள் என்று பேசி வைத்துக்கொண்டோம். மற்ற ஆறு நாளும் நான் விட்டுக்கொடுத்தேன்.

ஞாயிறு மூன்றரைக்கு எழ வேண்டுமென்றால் சனி இரவு ஒன்பதுக்குப் படுக்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் ஒரு நாளில் அதிகம் சுரப்பது தூங்கத் தொடங்கியதும் வரும் ஆழ்ந்த உறக்கத்தில். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு தசை புரதம் கட்டும் வேகம் ஒரு நாள் முழுக்க உயர்ந்தே இருக்கும். இதைப் படித்த பிறகு நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஆறு மணி நேரம் தூங்காத இரவுக்கு மறுநாள் ஓட்டம் கிடையாது. அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் அதுவும் பயிற்சிக் கணக்கில்தான் சேர்கிறது.

சென்னையில் ஓடுபவர்கள் வியர்வையையும் புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டத்தில் செலவாகும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளிவருகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துப்போகும். ஆனால் கடற்கரைச் சாலையில் விடிகாலைக் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. பத்து கிலோமீட்டருக்குள் என் ஷூ சதக் சதக் என்று சத்தம் போடும், வீட்டில் கழற்றிப் போட்ட பனியன் காய்ந்ததும் முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு தெரியும். தோலுக்கு அதிக இரத்தம் போவதால் தசைக்குக் கொடுக்க இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதனால் மே மாதத்தில் வேகம் குறைவதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பத்துப் பதினான்கு நாள் வெயிலில் பழகினால் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பும் குறையும்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 2002-ல் பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களிடம் அது அதிகம். முற்றினால் மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து.

கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துவிடுவார்கள். புதிதாக எதையும் கட்ட அப்போது நேரமில்லை. இருக்கும் கீறல்கள் ஆற வேண்டும், தசையில் சர்க்கரை நிறைய வேண்டும். கடைசி இரண்டு நாள் ஸ்வீடன்காரர்கள் காட்டியபடி மாவுச்சத்து: எனக்கு அது இட்லியும் சாதமும். ஓட்டத்தின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து (சர்க்கரையும் சேர்த்து) என்பது பொதுவான கணக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம்போல இருக்கும். எதைச் சாப்பிடுவதென்றாலும் அதை ஞாயிறு ஓட்டங்களிலேயே தின்று வயிற்றைப் பழக்கிவிடுங்கள்.

ஜனவரியில் அந்த 42 கிலோமீட்டரை ஐந்து மணி பதினோரு நிமிடத்தில் ஓடி முடித்தேன். முப்பத்து நான்காவது கிலோமீட்டரில் தொடை கனத்தது, ஆனால் நிற்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் மாடிப்படி ஏறுவது எளிதாக இருந்தது. இறங்கும்போதுதான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே பளுவைத் தாங்குகிறது, இழைகள் அதிகம் கிழிவது இப்படி நீளும்போதுதான். ஓட்டத்தில் ஒவ்வொரு முறை கால் தரையில் பதியும்போதும் தொடை அதைத்தான் செய்திருக்கிறது, பல்லாயிரம் தடவை. வியாழக்கிழமை கைப்பிடியைப் பிடிக்காமலே இறங்க முடிந்தது.