எதிரியின் கேஸ் ஷீட் கோர்ட்டுக்கு வரும் வழி

வண்ணாரப்பேட்டையில் இரவு பதினோரு மணிக்கு ஒரு கத்திக்குத்து என்று வைத்துக்கொள்வோம். குத்துப்பட்டவரை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து, குத்தியதாகச் சொல்லப்படுபவரும் அதே கேஷுவாலிட்டிக்கு வருகிறார். ‘கண்ணாடி கிழிச்சிடுச்சு’ என்று சொல்லி, உள்ளங்கையில் தையல் போட்டுக்கொண்டு போகிறார். வழக்கில் அவர்தான் முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். அந்தக் காயத்தின் தாள்கள் அரசுத் தரப்புக்கு வேண்டும்.

அரசு வழக்கறிஞர் தாமே கையெழுத்துப் போட்டு மருத்துவமனைக்கு சம்மன் அனுப்ப முடியாது. ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும்தான் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு அது. பழைய சட்டத்தில் 91. புலன்விசாரணையின்போது இன்ஸ்பெக்டர் எழுத்துமூலம் கேட்கலாம். வழக்கு கோர்ட்டுக்கு வந்துவிட்டால் அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு சம்மன் வாங்குவார். எதிரியிடமே ‘உன் சீட்டைக் கொடு’ என்று இந்தப் பிரிவில் கேட்க முடியாது. ஷியாம்லால் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964லேயே அதைத் தீர்த்துவிட்டது. கேட்க வேண்டிய இடம் மருத்துவமனை.

அங்கே முதலில் வேண்டியது ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். வந்த நேரம், அழைத்து வந்தவர், காயம் எப்படி வந்ததென்று சொன்னது, இரண்டு அங்க அடையாளங்கள், காயத்தின் இடம், நீளம், ஆழம் எல்லாம் அதில் இருக்கும். கத்தி உடம்பில் எலும்பில் முட்டினால், குத்துபவரின் கை பிடியிலிருந்து வழுக்கி அலகின் மேல் ஏறும்; விரல்களின் உட்புறம் அறுபடும். பாய்ந்து வரும் கத்தியைத் தடுக்கப் பிடித்தவருக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் அறுபடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் காயத்தின் திசையும் ஆழமும் வேண்டும். ஓரம் சீராக இருந்தால் வெட்டுக்காயம், பிசிறாக இருந்தால் கிழிகாயம். இரவுப் பணி அவசரத்தில் எல்லாவற்றையும் ‘லேசரேஷன்’ (கிழிகாயம்) என்று எழுதிவிட்டால், கத்திக் காயமே இல்லை என்று குறுக்கு விசாரணையில் வாதம் எழும். தையல் போட்டபின் ஓரத்தைத் திரும்பப் பார்க்க வழியில்லை.

‘அனைத்து மருத்துவ ஆவணங்களும்’ என்று எழுதினால், பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றுதான் வரும். ஏ.ஆர். எண், ஐ.பி. (உள்நோயாளி) எண், தேதி போட்டு, கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பேடு), நர்ஸ் குறிப்பு, எக்ஸ்ரே படம், லேப் ரிப்போர்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ரெக்கார்டு ரூமில் பெயர் வேறு எழுத்தில் இருக்கலாம். அங்க அடையாளம் கைகொடுப்பது அப்போதுதான். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணத்தை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. விசாரணை வரும்வரை காத்திருப்பது ஆபத்து.

வழக்கறிஞரிடம் சொன்ன ரகசியத்துக்கு உள்ள பாதுகாப்பு, டாக்டரிடம் சொன்னதற்கு நம் சாட்சியச் சட்டத்தில் இல்லை. ஆனாலும் அதே 2002 விதிகள் நோயாளியின் ரகசியத்தை டாக்டர் காக்க வேண்டும் என்று சொல்லி, நீதிபதியின் உத்தரவின் பேரில் கோர்ட்டில் வெளியிட இடம் தருகின்றன. அதனால் போலீஸ் கடிதத்துக்குத் தனியார் மருத்துவமனை தயங்கினால் மிரட்டுவது தவறு; கோர்ட் உத்தரவு வாங்கிக் கொடுப்பதே சரி. எச்.ஐ.வி. தகவலுக்கு 2017 சட்டம் தனிப் பூட்டே போட்டிருக்கிறது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் இன்னொரு பள்ளம். மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. மருத்துவமனை லேப் சிகிச்சைக்காக அளப்பது பெரும்பாலும் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை. அதில் நீர் அதிகம் என்பதால் ஆல்கஹால் அளவு முழு ரத்தத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை அப்படியே வரம்போடு ஒப்பிடக் கூடாது. ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தார்களா என்பதையும் நர்ஸ் குறிப்பில் தேட வேண்டும்.

கம்ப்யூட்டரில் இருக்கும் பதிவு என்றால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின் சான்றிதழ், ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீட்டோடு) கூடவே வர வேண்டும். பிறகு, காயத்தை நேரில் பார்த்த டாக்டரே சாட்சி சொல்ல வேண்டும்.

தாள் எதிரிக்குச் சாதகமாக இருக்கிறதே என்று அதை ஒதுக்கி வைக்கக் கூடாது. சம்பவத்தின்போது எதிரிக்கு ஏற்பட்ட பலத்த காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லாவிட்டால், அதன் சாட்சிகளையே சந்தேகிக்கலாம் என்று லக்ஷ்மி சிங் வழக்கில் 1976லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்ணாரப்பேட்டை வழக்கில் அந்த உள்ளங்கைத் தையலுக்கான ஏ.ஆர். காப்பியும் குற்றப்பத்திரிகையோடு போக வேண்டும், அதன் நகல் எதிரியின் கைக்கும் போக வேண்டும்.