ஃபியூஸ் கருகியிருந்தால் பிரிட்ஜோடு நிறுத்திவிடாதீர்கள்

செத்துப்போன எஸ்.எம்.பி.எஸ் (ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை) ஒன்றைத் திறந்தால் முதலில் கண்ணாடி ஃபியூஸைப் பாருங்கள். உள்ளே கம்பி நடுவில் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், லோடு ஏறியதாலோ பழசானதாலோ போயிருக்கலாம். கண்ணாடி கருத்து, உள்பக்கம் வெள்ளி பூசினாற்போல் பளபளத்தால் பெரிய ஷார்ட். அது பெரும்பாலும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு சேர்ந்த பாகம்) இருக்கும், இல்லையென்றால் அதற்குப் பின்னால் ஸ்விட்ச்போல வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரில். பல போர்டுகளில் இரண்டிலும் இருக்கும். பிரிட்ஜ் தானாகச் சாவது குறைவு. மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி இழுக்கும் கரண்ட்தான் அதைக் கொல்கிறது. எனவே பிரிட்ஜை மட்டும் மாற்றி ஸ்விட்சைப் போட்டால் புது பிரிட்ஜும் புது ஃபியூஸும் சேர்ந்தே போகும்.

மீட்டரை வைக்கும் முன் பெரிய கெபாசிட்டரைக் கவனியுங்கள். 230 வோல்ட் ஏசி பிரிட்ஜைத் தாண்டியதும் அங்கே சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம், ஃபியூஸும் போய்விட்டது, இனி என்ன என்று கை வைக்காதீர்கள். பின்னால் உள்ள சர்க்யூட் ஓப்பன் ஆகியிருந்தால் சார்ஜ் வடிய வழியே இல்லை. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் இன்சுலேஷன் உள்ள ஒயரைச் சால்டர் செய்து, கெபாசிட்டரின் இரு காலிலும் 15 நொடி பிடியுங்கள். 220 மைக்ரோஃபாரட் வரை இது போதும். பிறகு டிசி ரேஞ்சில் மீட்டர் வைத்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கத்தில் பொறி பறப்பதோடு சில நேரம் போர்டின் டிராக்கும் (செம்புக் கோடு) எரிந்துபோகும்.

இனி பிரிட்ஜின் கால்களை அடையாளம் காண வேண்டும். தட்டையான ஜி.பி.யு (GBU) வகையில் மூலை வெட்டப்பட்ட பக்கம் பிளஸ். அங்கிருந்து வரிசையாகப் பிளஸ், ஏசி, ஏசி, மைனஸ். சதுரமான கே.பி.பி.சி 3510 போன்றவற்றில் ஒரு கால் மட்டும் மற்ற மூன்றுக்கும் குறுக்காகத் திரும்பியிருக்கும், அது பிளஸ். அதற்கு மூலைவிட்டத்தில் எதிரே மைனஸ்.

மல்டிமீட்டரை டயோடு மோடில் வையுங்கள். சிவப்பை மைனஸில் வைத்து, கருப்பை ஒவ்வொரு ஏசி காலிலும் தொட்டால் 0.45 முதல் 0.6 வரை காட்ட வேண்டும். சிவப்பை ஒவ்வொரு ஏசி காலிலும் வைத்து, கருப்பைப் பிளஸில் தொட்டாலும் அதே அளவு. நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். புரோப்பை மாற்றி வைத்தால் எல்லாமே ஓ.எல் (OL, கரண்ட் போகவில்லை என்பதற்கு மீட்டர் காட்டும் குறி). ஏசிக்கும் ஏசிக்கும் எப்படி வைத்தாலும் ஓ.எல். சிவப்பு மைனஸிலும் கருப்பு பிளஸிலும் இருந்தால் இரண்டு டயோடு சேர்ந்து 1 வோல்ட்டை ஒட்டி வரும். 0.00 அல்லது பீப் சத்தம் வந்தால் அந்த டயோடு ஷார்ட், நேர்த்திசையிலும் ஓ.எல் என்றால் ஓப்பன். முள் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஓம்ஸ் ரேஞ்சில் அதன் கருப்பு புரோப்தான் பாசிட்டிவ். எல்லாம் தலைகீழாக வரும். பிரிட்ஜ் போய்விட்டது என்று அவசரப்படாதீர்கள்.

இந்த அளவுகள் பிரிட்ஜைக் கழற்றிவைத்து எடுத்தால்தான் இப்படி வரும். போர்டிலேயே இருந்தால் மீட்டர் ஏமாற்றும். எஸ்.எம்.பி.எஸ்ஸில் மைனஸிலிருந்து பிளஸுக்கு 1 வோல்ட்டுக்குப் பதில் 0.5 காட்டினால் பிரிட்ஜில் கோளாறு என்று பொருளல்ல. மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டயோடு, டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வழியாகக் குறுக்கே நிற்கிறது. அதே இடத்தில் இரு திசையிலும் பூஜ்யம் வந்தால் பிரிட்ஜைத் தொடாமல் மாஸ்ஃபெட்டின் டிரெயின், சோர்ஸ் கால்களை முதலில் அளந்து பாருங்கள்.

ஆம்ப்ளிஃபையர், பழைய பேட்டரி சார்ஜர் போன்ற டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையில் ஏமாற்று வேறு மாதிரி. செகண்டரி வைண்டிங் இரண்டு ஏசி காலையும் இணைத்து வைத்திருப்பதால் ஒரு டயோடு ஓப்பன் ஆனாலும் பக்கத்து டயோடு 0.5 காட்டிக் காப்பாற்றிவிடும். செகண்டரி ஒயர் ஒன்றையாவது கழற்றித்தான் அளக்க வேண்டும். இந்த ஓப்பன் கோளாறு வோல்டேஜிலும் சிக்காது. 12 வோல்ட் செகண்டரி என்றால் லோடு இல்லாதபோது வழக்கம்போல 15, 16 வோல்ட் இருக்கும். லோடு ஏற்றினால்தான் சரியும். ஸ்பீக்கரில் வரும் ஹம்மும் 100 ஹெர்ட்ஸுக்குப் பதில் 50 ஹெர்ட்ஸாகத் தடித்துக் கேட்கும். பலர் இதற்குக் கெபாசிட்டரை மாற்றிப் பார்த்துக் காசை வீணாக்குகிறார்கள்.

டயோடு மோடில் மீட்டர் தருவது இரண்டு மூன்று வோல்ட்தான். 300 வோல்ட்டில் மட்டும் லீக் ஆகும் டயோடை அது நல்லது என்றே சொல்லும். மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்து லீக் அளக்கும் மீட்டர்) இருந்தால், பிரிட்ஜைக் கழற்றி 500 வோல்ட்டில் வைத்து, அதன் பாசிட்டிவைப் பிளஸ் காலிலும் நெகட்டிவை ஏசி காலிலும் கொடுத்துப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் 50 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மாற்றிவிடலாம். மெக்கர் இல்லாதபோது, சந்தேகம் இருந்தாலே மாற்றுவதுதான் மலிவு.

230 வோல்ட் வேலைக்கு 1000 வோல்ட் பிரிட்ஜாகவே வாங்குங்கள். 600க்குக் கீழே போகவே கூடாது. சின்ன அடாப்டரில் நான்கு 1என்4007, 3 ஆம்பியர் வரை நான்கு 1என்5408 வைத்தும் சமாளிக்கலாம். 35 ஆம்பியர் என்று அச்சடித்த கே.பி.பி.சி, ஹீட்சிங்க் இல்லாமல் 10 ஆம்பியரைக்கூடத் தாங்காது. 10 ஆம்பியர் ஓடும்போது அதில் சுமார் 20 வாட் வெப்பமாகிறது. தெர்மல் பேஸ்ட் பூசி இறுக்கமாகத் திருகுங்கள்.

மாஸ்ஃபெட், அதன் சோர்ஸில் உள்ள ஒரு ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டர், என்.டி.சி (ஆன் செய்யும்போது பாயும் கரண்ட்டை அடக்குவது), நீல நிற எம்.ஓ.வி (திடீர் அதிக வோல்டேஜைத் தடுப்பது), பெரிய கெபாசிட்டர் எல்லாவற்றையும் அளந்த பிறகு சீரிஸ் பல்பு (மெயின் லைனில் தொடராக மாட்டிய பல்பு) வழியாக ஆன் செய்யுங்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்புதான் வேண்டும், எல்.இ.டி உதவாது. ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் கெபாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டது, ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்திலேயே நின்றால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது. சீரிஸ் பல்பு ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. பிரிட்ஜின் மைனஸ் கால் எர்த் அல்ல, அதில் கை பட்டாலும் அடிக்கும். ஆஸிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பையும் அங்கே மாட்டாதீர்கள். பல்பை எடுத்த பிறகு போடும் ஃபியூஸ் போர்டில் அச்சிட்ட அதே அளவாக இருக்கட்டும், 3.15 ஆம்பியர் இருந்த இடத்தில் ஒயர் துண்டைச் சுற்றினால், அடுத்த ஷார்ட்டில் டிராக்கும் சேர்ந்து எரியும்.