விமானி முன்னால் ஒரு சாப்பாட்டு மேசை

ஏர்பஸ் ஏ320 விமானத்தின் விமானி அறைக்குள் எட்டிப் பார்ப்பவரைத் திகைக்க வைப்பது அங்கே இல்லாத பொருள்தான். விமானியின் நெஞ்சுக்கு நேரே ஸ்டியரிங் கிடையாது. அந்த இடத்தில், இழுத்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டு வைத்துக்கொள்ள ஒரு சிறு மேசை இருக்கிறது. விமானத்தை ஓட்டும் குச்சி ஓரமாக நிற்கிறது: கேப்டனுக்கு இடக்கைப் பக்கம், துணை விமானிக்கு வலக்கைப் பக்கம்.

1967இல் முதன்முதலில் பறந்த போயிங் 737 வேறு ரகம். அதில் விமானியின் கையிலிருந்து கேபிள்கள் ஓடுகின்றன. ஹைட்ராலிக் அழுத்தம் கைகொடுக்கிறது. இறக்கைக்குக் கீழே தொங்கும் எஞ்சின்களுக்கு விசை கூட்டினால் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். விமானி அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் ட்ரிம் பொத்தானை, அதாவது கையின் பாரத்தைக் குறைக்கும் பொத்தானை, தட்டுவார். முழங்காலருகே உள்ள பெரிய சக்கரம் கடகடவென்று சுழலும். வால் சிறகின் கோணம் மாறும். கையின் பாரம் குறையும். வேகம் மாறும்போதெல்லாம் இதே வேலைதான்.

ஏ320இல் அந்த வேலை கணினியுடையது. குச்சியை அசைப்பது ஒரு விண்ணப்பம் போடுவது மாதிரி: 'இவ்வளவு வளை, இந்த வேகத்தில் சாய்.' இறக்கையிலும் வாலிலும் உள்ள எந்த மடல் எவ்வளவு அசைய வேண்டும் என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். கையை எடுத்துவிட்டால் விமானம் அதே பாதையில் போகும். 33 டிகிரிக்கு மேல் சாய்த்துவிட்டுக் குச்சியை விட்டால், தானாகவே 33க்குத் திரும்பிவிடும். கணினிகள் நலமாக உள்ளவரை, குச்சியை முழுக்கச் சாய்த்தே பிடித்தாலும் 67 டிகிரியைத் தாண்ட விடாது. ஏ320ஐப் போல மூன்று மடங்கு எடையுள்ள ஏ330க்கும் இதே விதிதான். அதனால்தான் ஒன்றை ஓட்டியவர் குறுகிய பயிற்சியில் மற்றொன்றுக்கு மாறிவிடுகிறார். கைக்கு எடை தெரிவதில்லை.

1995இல் சேவைக்கு வந்த போயிங் 777இலும் நடுவில் கணினிதான். ஆனால் போயிங் ஸ்டியரிங்கை விடவில்லை. வேகம் மாறினால் அது கனக்கும்; அந்தக் கனமே செயற்கையாக உண்டாக்கப்படுவது. 35 டிகிரிக்கு மேல் சாய்த்தால் எதிர்த்துத் தள்ளும், ஆனால் விமானி அழுத்தினால் வழிவிடும். இரண்டு ஸ்டியரிங்கும் சேர்ந்தே அசைவதால், ஒருவர் இழுப்பது மற்றவருக்கு உடனே தெரியும். ஏர்பஸ் குச்சிகளுக்கு அந்தப் பிணைப்பு இல்லை; இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் கணினி இரண்டையும் கூட்டிக்கொள்கிறது. இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு போயிங்குக்கே.

வேடிக்கை தரையிறங்கும்போது. ஓடுபாதையைத் தொடுமுன் குச்சியைப் பின்னால் இழுத்து மூக்கைச் சற்றுத் தூக்குவது விமானிகளின் கைப்பழக்கம். பாதையைத் தானே காக்கும் விமானத்தில் அந்த இழுப்பு பழைய மாதிரி அமையாது. எனவே ஏ320இன் கணினி 50 அடி உயரத்தில் மூக்கின் கோணத்தைக் குறித்துக்கொள்கிறது. 30 அடியில், யாரும் கேட்காமலே மூக்கை மெல்லத் தாழ்த்தத் தொடங்குகிறது. விமானி, பழைய விமானங்களில் செய்தது போலவே, குச்சியைப் பின்னுக்கு இழுக்கிறார்.