தேனீக்கு ஏது காலனி?

சென்ற மாதம் பெரம்பூரில் ஒரு நூலக அரங்கில், பயிர் இழப்பையும் காலநிலை மாற்றத்தையும் பற்றி ஓர் இளைஞர் பேசினார். செய்திகளைச் சிரத்தையோடு திரட்டியிருந்தார். ஆனால் ஆறாவது முறையாக அவர் ‘காலனிச் சரிவுக் கோளாறு’ என்று சொன்னபோது, எனக்குப் பின்வரிசையில் இருந்த, மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் எழுந்து, “தம்பி, எந்தக் காலனிப்பா சரிஞ்சுது?” என்று கேட்டுவிட்டார். அரங்கம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை, அவர் அறிந்துகொள்வதற்காகவே கேட்டார். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்ததை நாங்கள் யாரும் மறந்துவிடவில்லை. வடசென்னையில் ‘காலனி’யும் ‘சரிவு’ம் அடுத்தடுத்து வந்தால், கேட்பவர் மனத்தில் பறந்து வருவது தேனீ அன்று.

ஆங்கிலத்தில் ‘காலனி கொலாப்ஸ் டிஸ்ஆர்டர்’ என்று தேனீக்களைப் பற்றி வழங்கும் பெயரின் மொழிபெயர்ப்பான இந்தத் தொடரை நாளிதழ்களின் இணைப்பிதழ்களிலும், தொலைக்காட்சிப் படங்களின் அடிவரிகளிலும், பள்ளிக் கண்காட்சி அட்டைகளிலும் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். சில இடங்களில் ‘குடியேற்றச் சரிவுக் கோளாறு’ என்றும், இன்னும் சில இடங்களில் ‘காலனி வீழ்ச்சி நோய்’ என்றும் உருமாறி வருகிறது. மூன்றுமே பிழை என்பது என் கருத்து. ஏன் பிழை என்று சொல்வதற்கு முன்னால், அந்தத் தொடர் எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

2006 நவம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டேவ் ஹேக்கன்பெர்க் என்ற தேனீ வளர்ப்பாளர், புளோரிடாவில் வைத்திருந்த தம் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது பெரும்பாலானவை வெறிச்சோடிக் கிடந்தன. அந்தக் குளிர்காலம் முழுவதும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்து இதே செய்தி வந்தது. விந்தை என்னவென்றால், ராணித் தேனீ அடையிலேயே இருந்தது, சில இளம் தேனீக்கள் அதைச் சுற்றி இருந்தன, புழுக்கள் இருந்தன, தேனும் மகரந்தமும் வைத்தது வைத்தபடி இருந்தன. வளர்ந்த வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் இல்லை. பெட்டிக்கு அடியிலோ அருகிலோ பிணங்களும் இல்லை. வெளியே போனவை திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

இனிச் சொற்பிறப்பு, அதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. ‘காலனி’ லத்தீன் மொழியின் ‘கொலோனியா’விலிருந்து வந்தது, அதன் வேரான வினைக்கு உழுதல், பயிரிடல், குடியிருத்தல் என்பன பொருள். ரோமானியர்கள் வென்ற நிலத்தில் தம் மக்களைக் குடியேற்றிய இடம் கொலோனியா; ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்றும் அந்தப் பெயரைத்தான் சுமந்து நிற்கிறது. பிற்காலத்தில் ஐரோப்பிய இயற்கை நூலோர், ஒன்றாக வாழும் எறும்பு, தேனீ, பவளப்பூச்சி எல்லாவற்றுக்கும் அதே பெயரை இட்டார்கள். ‘கொலாப்ஸ்’ என்பதும் லத்தீன். ஒருங்கே வழுக்கி விழுதல் என்பது அதன் வேர்ப்பொருள். அந்த வகையில் ‘சரிவு’ என்று பெயர்த்தவர் அகராதியைப் பார்த்திருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் என் குறை.

முதலில் ‘காலனி’. இந்தப் பகுதியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. ஒன்று மாதவரம் மில்க் காலனி போன்ற இடப்பெயர். மற்றொன்று ஊர் என்றும் காலனி என்றும் மனிதரைப் பிரித்துவைத்த பெயர்; அது தீண்டாமையின் அடையாளமாகிவிட்டது என்பதால்தான் 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மனிதரின் முகவரியிலிருந்தே கழற்ற வேண்டும் என்று முடிவான சொல்லை, அதுவரை அதை அறியாத தேனீயின் மேல் கொண்டுபோய் ஒட்டுவானேன்?

‘குடியேற்றம்’ தமிழ்ச்சொல்தானே என்பார்கள். தமிழ்ச்சொல்தான், பொருள்தான் தவறு. குடியேற்றம் என்றால் ஓரிடத்திலிருந்து பெயர்ந்து இன்னோரிடத்தில் போய் அமர்வது. இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போனவர்களைப் பற்றி எழுதும்போது அது சரியான சொல். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகள் நிறைந்த வியாசர்பாடியில் அதன் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெட்டியிலுள்ள தேனீக்கள் எங்கிருந்தும் குடியேறியவை அல்ல, அங்கேயே பொரித்தவை. ‘குடியேற்றச் சரிவு’ என்று படிக்கும் ஒருவர், வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால், அவர்மேல் குற்றமில்லை.

அடுத்து ‘சரிவு’, எனக்குப் பெரிய வழக்கு இதனோடுதான். தமிழில் நிலம் சரியும், விலை சரியும், பங்குச்சந்தை சரியும், அடுக்கிவைத்த மூட்டை சரியும். எல்லாவற்றிலும் மேலிருந்து கீழே ஓர் இறக்கம் இருக்கிறது. எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லும்போது படிப்படியாகக் குறைவது என்ற குறிப்பும் சேர்ந்துகொள்கிறது. தேனீப் பெட்டியில் நடந்தது அதற்கு மாறானது. ஒரு செய்தியை நம் மொழிபெயர்ப்பாளர்கள் கவனித்திருந்தால் இந்தச் சொல்லைத் தொட்டிருக்கமாட்டார்கள். தொடக்கத்தில் அமெரிக்காவில் இதற்கு ‘இலையுதிர்காலத் தேய்வு நோய்’ என்ற பொருளில்தான் ஒரு பெயர் வழங்கியது. ஆய்வாளர்கள் அதைக் கைவிட்டார்கள். இலையுதிர்காலத்தில் மட்டும் நிகழவில்லை என்பதால் காலப்பெயர் போயிற்று. மெல்ல மெல்லக் குறையாமல் சட்டென்று வெறுமையாகிவிடுவதால் ‘தேய்வு’ போயிற்று. இன்ன கிருமி என்று நிறுவப்படாததால் ‘நோய்’ போயிற்று. அவர்கள் யோசித்துக் கழித்த தேய்வை நாம் ‘சரிவு’ என்றும், கழித்த நோயை ‘வீழ்ச்சி நோய்’ என்றும் பின்வாசல் வழியே மறுபடி உள்ளே அழைத்து வந்திருக்கிறோம்.

‘கோளாறு’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வயிற்றுக் கோளாறு, எஞ்சின் கோளாறு என்று, பழுது பார்த்தால் சரியாகிவிடும் குறைக்கு வழங்கும் நல்ல சொல் அது. ‘டிஸ்ஆர்டர்’ என்று எங்கே கண்டாலும் அதைப் போடுவது ஒரு கைப்பழக்கம்.

சரி, என்ன சொல்லலாம்? குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் கேட்டால், பெட்டிக்குள் இருப்பதைக் ‘குடும்பம்’ என்றுதான் சொல்வார்கள். குடும்பம் பிரிப்பது, வலுவான குடும்பம், நலிந்த குடும்பம் என்பவை அவர்கள் அன்றாடம் புழங்கும் தொடர்கள். வேளாண் கையேடுகளிலும் ‘தேனீக் குடும்பம்’ இடம்பெற்றுவிட்டது. இந்தச் சொல் உயிரியல் நோக்கிலும் மிகச் சரியானது. ஒரு பெட்டியில் உள்ள பல்லாயிரம் வேலைக்காரத் தேனீக்களும் ஒரே ராணி ஈன்ற பெண்மக்கள். ‘காலனி’ என்ற சொல் மறைக்கும் தாய்-மகள் உறவை நம் தொழிலாளரின் சொல் வெளிப்படையாகச் சொல்கிறது. கையில் இருக்கும் இதை விட்டுவிட்டு லத்தீனைத் துரத்தும் நம் மொழிபெயர்ப்பாளர்களைப் பார்த்தால், வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

இரண்டாவது பாதிக்குக் ‘குலைவு’. கட்டுக் குலைவது, நிலை குலைவது, குடும்பம் குலைவது என்று தமிழில் நெடுநாளாக வழங்குவது. சேர்த்துப் பிடித்திருந்த ஒன்று விட்டுப்போய், ஒழுங்கு கெட்டுப்போவதை அது குறிக்கும். பொருள்கள் இடத்திலேயே இருக்க, உறவு மட்டும் அறுந்துபோனாலும் குலைவுதான். அறை நிறையத் தேன் இருந்தும் ஆள் இல்லாத கூட்டுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒழுங்கு கெடுதல் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் ‘கோளாறு’ என்ற வாலும் தேவையில்லை. ஆகவே, தேனீக் குடும்பக் குலைவு.

இதற்கு வந்த மறுப்புகளையும் சொல்லவேண்டும். ‘கலைதல்’ போதுமே, கூட்டம் கலைந்தது என்கிறோமே என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. நம் இந்தியத் தேனீ, எறும்புத் தொல்லையோ பஞ்சமோ வந்தால் ராணியையும் அழைத்துக்கொண்டு மொத்தமாகக் கூட்டை விட்டுப் பறந்துவிடும். கூடு கலைந்தது என்று சொல்ல வேண்டியது அதைத்தான். ராணி தங்கிவிடுவதுதான் நாம் பேசும் நிகழ்வின் அடையாளம் என்பதால் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கக்கூடாது. ‘குடும்பம்’ வடசொல் என்று தனித்தமிழ் அன்பர் ஒருவர் முகம் சுளித்தார். ‘குடி’ என்ற நம் வேரோடு அதை இணைத்துக் காட்டுவோரும் இருக்கிறார்கள் என்றேன். அப்படியானால் ‘தேனீக்குடி’ என்றே வைக்கலாமே என்றார். திருக்குறளில் குடிமை என்றும் குடிசெயல்வகை என்றும் அதிகாரங்கள் இருக்கின்றன. ஆனால் இன்றைய தெருவில் ‘குடி’ என்ற சொல் எந்தக் கடை வாசலில் நிற்கிறது என்பதை அவரும் அறிவார். கடைசியாக அவர், தேன்கூட்டுக்குச் சங்கத்தமிழில் ‘இறால்’ என்ற பெயர் இருக்கிறதே, ‘இறாற்குலைவு’ என்று சொன்னால் என்ன என்றார். காசிமேட்டில் போய் அதைச் சொல்லிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். மீன் ஏற்றுமதியாளர்கள்தான் முதலில் பதறுவார்கள்.

பெயர் குழம்பினால் வழக்கும் குழம்பும் என்பதற்கு அன்றைய கூட்டமே சான்று. தேனீ குறைந்தது என்ற எல்லாச் செய்தியும் ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டு, அதற்கு ஒரே காரணமாகக் காலநிலை மாற்றம் நிறுத்தப்பட்டது. அரங்கில் ஒரு பாதி அதை ஏற்றது; மறுபாதி, காலநிலை மாற்றம் என்பதே கட்டுக்கதை என்று எதிர்த்தது. இரு தரப்பும் பேசிக்கொண்டது வேறு வேறு பொருளைப் பற்றி. குலைவுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட ஆய்வாளர்களால் முடியவில்லை. வரோவா என்ற உண்ணி, அது பரப்பும் நச்சுயிரிகள், நோசிமா என்ற நுண்ணுயிர், பூச்சிக்கொல்லிகள், ஒரே பயிரின் மகரந்தத்தையே உண்ணும் சத்துக்குறைவு, கலிஃபோர்னியாவின் வாதுமைத் தோப்புகளுக்குப் பெட்டிகளை லாரியில் ஏற்றிச் செல்லும் அலைச்சல் என்று பலவும் சேர்ந்தே பேசப்படுகின்றன. நியோனிகோட்டினாய்டு வகையில் மூன்று பூச்சிக்கொல்லிகளைத் திறந்த வயல்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. காலநிலை மாற்றத்தின் பங்கு இருக்கிறது. அது பூக்கும் பருவத்தையும் தேனீ எழும் பருவத்தையும் விலக்கி வைக்கிறது, குளிர்காலம் வெதுவெதுப்பானால் உண்ணி பெருக இடங்கொடுக்கிறது. ஆனால் அது தேய்வின் கதை. குலைவின் கதை தனி. சொல் இரண்டாக இருந்திருந்தால், அன்று சண்டை பாதியாகக் குறைந்திருக்கும்.

‘பயிர் இழப்பு’ என்பதும் இப்படித்தான். புயலிலும் வெள்ளத்திலும் நேர்வது பயிர்ச்சேதம். தேனீ வராவிட்டால் பயிர் சேதமாவதில்லை. பூசணிக்கொடி பச்சைப் பசேலென்று படர்ந்து, பூவும் பூத்து, காய் மட்டும் பிடிக்காது, பிடித்த பிஞ்சும் வெம்பி உதிரும். அது மகசூல் இழப்பு. அதுவும் எல்லாப் பயிருக்கும் இல்லை. உலகின் முதன்மையான உணவுப் பயிர் வகைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று ஏதோ ஓரளவு பூச்சி முதலிய உயிர்களின் மகரந்தச் சேர்க்கையால் பயன்பெறுகின்றன; உற்பத்தி அளவில் பார்த்தால் அது சுமார் 35 விழுக்காடுதான், ஏனென்றால் நெல்லும் கோதுமையும் தேனீயை எதிர்பார்ப்பதில்லை. தேனீ அழிந்தால் நான்கே ஆண்டில் மனிதன் அழிவான் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக அன்றும் ஒரு படம் ஓடியது. அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று ஏதுமில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் குடும்பங்களை ஒரு நச்சுயிரி பெருமளவில் அழித்தது. குமரியிலும் கேரளத்திலும் பலர் தொழிலையே இழந்தார்கள். அதைத் ‘தாய் வைரஸ்’ என்று எழுதுகிறார்கள். தாய்லாந்தில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. புழுக்களைக் கொல்லும் நோய் என்பதால், தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் நோய் என்றே பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அன்று பேசிய இளைஞரும் அப்படித்தான் விளக்கினார். ‘தாய்லாந்து’ என்று முழுமையாக எழுத இன்னும் மூன்றே எழுத்துகள்தான் வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் இவற்றையெல்லாம் ஒரு சீட்டில் சுருக்கமாக எழுதி, ஏற்பாட்டாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த மாத அழைப்பிதழ் நேற்று வந்தது. அதில் ‘தேனீக் குடும்பச் சரிவு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பாதி வழி வந்துவிட்டார்கள். மீதிக்காக இன்னொரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன்.