ஏற்கப்பட்ட கணிதக் கட்டுரை அச்சேறும் வழியில்

ஆய்விதழிடமிருந்து ஏற்புக் கடிதம் வந்ததும், தாம் அனுப்பிய பிடிஎஃப் கோப்புதான் இதழின் பெயரும் பக்க எண்ணும் சேர்ந்து அப்படியே வெளியாகப் போகிறது என்று கணித ஆய்வாளர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான வணிகப் பதிப்பகங்களில் நடப்பது வேறு. கணிதம் எழுதப் பயன்படும் லேடெக் மென்பொருளில் ஆசிரியர் தட்டச்சு செய்த மூலக்கோப்பு அச்சுக்கோப்பு நிறுவனத்துக்கு வருகிறது. அங்கே அது இதழுக்குரிய வார்ப்புருவில் ஏற்றப்பட்டு, வேறு எழுத்துருவும் வேறு வரி அகலமும் பெற்று, பல இதழ்களில், உரையின் பகுதிகளைக் குறிச்சொற்களால் அடையாளமிடும் எக்ஸ்எம்எல் வடிவத்துக்கும் மாற்றப்படுகிறது. சமன்பாடுகள், கணிதத்துக்கான குறிமொழியான மேத்எம்எல் ஆகின்றன. அந்த ஒரே கோப்பிலிருந்துதான் அச்சுப் பக்கமும் இணையப் பக்கமும் பிறக்கின்றன. உலக ஆய்விதழ்களுக்கான இந்த வேலையில் கணிசமான பங்கு சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் நடக்கிறது. அத்தகைய நிறுவனம் ஒன்றில் கணிதக் கட்டுரைகளைக் கையாள்பவன் என்ற முறையில், நல்ல கணிதம் எந்தெந்த இடங்களில் அச்சில் சிதைகிறது என்பதை ஆய்வு மாணவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

டொனால்ட் குனூத் 1977இல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியதே அச்சில் கணிதம் சிதைந்ததைக் கண்டுதான். கணினி நிரலாக்கம் குறித்த தம் பெருநூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்குப் போனபோது, பழைய ஈய அச்சுமுறை கைவிடப்பட்டு ஒளியச்சு வந்திருந்தது. வந்த மெய்ப்புகளின் (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் மாதிரிப் பக்கங்களின்) தரத்தை அவரால் ஏற்க முடியவில்லை. 1980களில் லெஸ்லி லாம்போர்ட் டெக்கின்மேல் லேடெக்கை அமைத்தபோது ஒரு பிரிவினையையும் கொண்டுவந்தார். இது பகுதித் தலைப்பு, இது தேற்றம், இது நிரூபணம் என்று சொல்வது மட்டுமே ஆசிரியரின் வேலை. அது எந்த எழுத்தில், எத்தனை இடைவெளியில், பக்கத்தில் எங்கே அமைய வேண்டும் என்பது வார்ப்புருவின் வேலை. எங்கள் மேசைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தப் பிரிவினையை மறந்ததால் வருபவை.

முதலில் ஒழுங்கு செய்யும் ஆர்வத்தைச் சொல்ல வேண்டும். தம் திரையில் பக்கம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஆசிரியர்கள் வரிகளைக் கட்டாயமாக முறிக்கிறார்கள். எதிர்மறை இடைவெளி கொடுத்துப் படத்தை மேலே இழுக்கிறார்கள். நீளமான சமன்பாட்டைச் சிறிய எழுத்தில் அடக்குகிறார்கள். டெக் ஒவ்வொரு வரியாக முறித்துக்கொண்டு போவதில்லை. பத்தி முழுவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, எந்தெந்த இடங்களில் முறித்தால் மொத்தத்தில் இடைவெளிகள் சீராக இருக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. கையால் போட்ட முறிப்பு அந்தத் தேர்வைக் கெடுப்பதோடு, இதழின் வரி அகலம் மாறியவுடன் பாதி வரியிலேயே வாக்கியத்தை நிறுத்திவிடுகிறது. எங்களுக்கு வரும் கோப்பில் முதலில் நீக்கப்படுபவை இந்த அலங்காரங்கள்தான். ஆசிரியர் அதில் செலவிட்ட மாலைப்பொழுதுகளை நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கும்.

எண்களைக் கையால் தட்டச்சு செய்வது இதைவிட ஆபத்தானது. தடித்த எழுத்தில் ‘தேற்றம் 3.2’ என்று அடித்துவிட்டு, பின்னால் வரும் இடங்களிலும் ‘3.2இன்படி’ என்று எழுதிச் செல்லும் கோப்புகள் இன்றும் வருகின்றன. மதிப்பீட்டாளர் கேட்டதற்காக நடுவில் ஒரு துணைத்தேற்றம் சேர்க்கப்பட்டால் தேற்றத் தலைப்புகளின் எண்களை ஆசிரியர் மாற்றிவிடுவார். கட்டுரையின் உடலுக்குள் அவற்றைச் சுட்டும் எண்கள் மாறாமல் நின்றுவிடும். நிரூபணம் அதன்பின் தவறான தேற்றத்தைச் சுட்டும். அதை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது. தேற்றச் சூழலை (தேற்றத்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் கட்டளைப் பகுதியை) முறைப்படி அறிவித்து, ஒவ்வொன்றுக்கும் லேபல் கட்டளையால் அடையாளம் கொடுத்து, ரெஃப் கட்டளையால் சுட்டினால் எண்கள் தாமே சரியாகும். அடையாளம் தவறினால் அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள் தோன்றும். அந்தக் கேள்விக்குறிகளைக் கண்டு எரிச்சலடைபவர்கள், கையால் அடித்த எண் ஒருபோதும் எச்சரிக்கை செய்வதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படங்களில் மட்டும் ஒரு கவனம் தேவை: அடையாளம் படத்தின் விளக்கவரிக்குப் பின்னால் வர வேண்டும். எண் உருவாவதே விளக்கவரியில்தான் என்பதால், முன்னால் வைத்த அடையாளம் படத்தின் எண்ணைக் காட்டாமல் அந்தப் பகுதியின் எண்ணைக் காட்டும்.

தனிவரிச் சமன்பாடுகளில் இரண்டு பழைய பழக்கங்கள் விடாமல் தொடர்கின்றன. ஒன்று, இரட்டை டாலர் குறிகளுக்குள் சமன்பாட்டை எழுதுவது. அது அடிப்படை டெக்கின் முறை. சமன்பாடுகளை இடப்புறம் ஒட்டி அமைக்கும் இதழில் மற்றவை இடம் மாற, இவை மட்டும் நடுவிலேயே நிற்கும். மற்றொன்று, பல வரிச் சமன்பாடுகளுக்கு ஈக்வேஷன் அரே சூழலைப் பயன்படுத்துவது. அதில் சமக்குறியின் இருபுறமும் மற்ற இடங்களைவிட அதிக இடைவெளி விழும். நீளமான சமன்பாடு தன் எண்ணின் மேலேயே ஏறிக்கொள்ளும். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் ஏஎம்எஸ்மேத் தொகுப்பிலுள்ள அலைன் சூழல் இந்த இரண்டு குறையும் இல்லாதது. பழைய ஆய்வேடுகளிலிருந்து நகலெடுக்கப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக வருவதைத் தவிர, ஈக்வேஷன் அரே இன்னும் உயிரோடு இருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. சமன்பாட்டுக்கு முன்னும் பின்னும் கோப்பில் வெற்று வரி விடுவதும் தவிர்க்க வேண்டியது. மென்பொருளுக்கு வெற்று வரி என்றால் புதிய பத்தி. வாக்கியத்தின் நடுவில் நிற்கும் சமன்பாட்டுக்குப் பிறகு வரும் தொடர்ச்சி, புதிய பத்தியைப் போல உள்தள்ளி அச்சாகும்.

இவையெல்லாம் தோற்றக் குறைகள். குறியீடுகளில் நடப்பவை பொருளையே தொடுபவை. கணிதச் சூழலுக்குள் சைன் சார்பின் மூன்று எழுத்துகளை வெறுமனே அடித்தால், மென்பொருள் அவற்றை மூன்று மாறிகளின் பெருக்கலாக எடுத்துக்கொண்டு சாய்வெழுத்தில் தரும். அதற்கென உள்ள கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். தாமே பெயரிட்ட சார்பு என்றால் புதிய கணிதச் செயலியாக (ஆபரேட்டராக) அறிவிக்க வேண்டும். உட்பெருக்கத்துக்கு < > என்ற சிறிது, பெரிது குறிகளை அடைப்புக்குறிகளாக அடிப்பவர்கள் உண்டு. டெக்கைப் பொறுத்தவரை அவை தொடர்பைக் காட்டும் குறிகள் என்பதால் இருபுறமும் இடைவெளி விட்டுவிடும். செங்குத்துக்கோடு இன்னும் சங்கடமானது: தனிமதிப்பு, வகுபடும் தன்மை, நிபந்தனை, கணத்தின் வரையறை ஆகிய நான்குக்கும் ஒரே விசையைத் தட்டுகிறோம். தனிமதிப்புக் கோட்டை அடுத்து ஒரு கழித்தல் குறி வந்தால், அந்தக் கோட்டை மென்பொருள் சாதாரண எழுத்தாகக் கொண்டு, ஏதோ ஒன்றிலிருந்து எதையோ கழிப்பதுபோல இடைவெளி விட்டு அச்சிடும். இடக்கோடு, வலக்கோடு என்று தனித்தனிக் கட்டளைகள் ஏஎம்எஸ்மேத்தில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்திய கோப்பில், எந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றும்போதும் தொலையாது.

இணையாசிரியர்கள் இருவர் மூவர் சேர்ந்து எழுதும் கட்டுரைகளில் எப்சிலான் ஒரு தனிக்கதை. அந்தக் கிரேக்க எழுத்துக்கு இரண்டு வடிவங்கள். லேடெக்கில் இரண்டு கட்டளைகள். முதல் பகுதியை எழுதியவர் ஒன்றையும், மூன்றாம் பகுதியை எழுதியவர் மற்றொன்றையும் பயன்படுத்தியிருப்பார்கள். அவை ஒரே அளவைக் குறிக்கின்றனவா, வேறு வேறா என்று முடிவு செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஃபை எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கே இரண்டு வடிவங்களையும் வேண்டுமென்றே இரண்டு சார்புகளுக்குப் பயன்படுத்துவோர் இருப்பதால் ஊகிப்பது இன்னும் கடினம். அனுப்பும் முன் ஒருவர் கோப்பு முழுவதையும் தேடி ஒன்றாக்கிவிட்டால் வேலை முடிந்தது.

ஆசிரியர்கள் தங்களுக்கென்று உருவாக்கிக்கொள்ளும் சுருக்கக் கட்டளைகளைப் பற்றி எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அலுத்துக்கொள்ளாத நாள் இல்லை. சுருக்கங்கள் வைத்துக்கொள்வது தவறன்று. ஒரு குறியீட்டை நாளை மாற்ற நேர்ந்தால் ஒரே இடத்தில் மாற்றலாம் என்பதால், அளவாக இருக்கும்வரை நல்லதும்கூட. ஆனால் அவற்றை டெஃப் கட்டளையால் வரையறுக்கும்போது, அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்தாலும் மென்பொருள் சத்தமில்லாமல் அதை அழித்துவிடும். ஓரெழுத்துக் கட்டளைகளில் இது அடிக்கடி நிகழ்கிறது. ஹில்பர்ட் வெளிக்காக ஹெச் என்ற எழுத்தை ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். லேடெக்கில் அந்தக் கட்டளை, ஹங்கேரியக் கணிதவியலாளர் பால் எர்டோஷின் பெயரில் வரும் இரட்டைக் கீற்றுக்கு உரியது. செயலிக்காக எல் எழுத்தை எடுத்துக்கொள்கிறார்; அது போலந்துக் கணிதவியலாளர் வோயஷேவிச்சின் பெயரில் முதலெழுத்தாக வரும் கோடிட்ட எல். கட்டுரை முழுவதும் ஒழுங்காக அச்சாகி, மேற்கோள் பட்டியலில் மட்டும் ஒரு மனிதரின் பெயருக்குள் ஹில்பர்ட் வெளி வந்து உட்கார்ந்திருக்கும். நியூகமாண்ட் கட்டளையால் வரையறுத்திருந்தால், பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று மென்பொருள் அப்போதே பிழை காட்டி நிறுத்தியிருக்கும். ஓவர்லீஃப் போன்ற இணையத் தளங்களில் எழுதுவோர் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிழைகள் இருந்தாலும் அவற்றைத் தாண்டிச் சென்று பிடிஎஃப்பைக் காட்டிவிடும் வசதி அங்கே இருக்கிறது. பக்கம் தெரிகிறது என்பதற்காகச் சிவப்புக் குறியைப் பார்க்காமல் விட்ட கோப்பு, எங்கள் கணினியில் முதல் பிழையிலேயே நின்றுவிடும்.

மேற்கோள் பட்டியலில் இன்னும் இரண்டு இடறல்கள் உண்டு. மேற்கோள் பட்டியலை அமைத்துத் தரும் பிப்டெக் மென்பொருளின் பாணிகள் பலவும் கட்டுரைத் தலைப்பில் முதலெழுத்தைத் தவிர மற்ற பெரிய எழுத்துகளைச் சிறியதாக்கிவிடும்; ரீமானின் பெயர் தலைப்பின் நடுவில் சிறிய எழுத்தில் தொடங்கி அச்சாவது இதனால்தான். காக்க வேண்டிய எழுத்தை நெளிவு அடைப்புக்குறிக்குள் இட்டால் போதும். மற்றொன்று நம் ஊர் ஆய்வாளர்களை நேரடியாகத் தொடுவது. குடும்பப்பெயர் இல்லாத நாம் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னாலோ பின்னாலோ வைக்கிறோம். காற்புள்ளி இல்லாத பெயரில் கடைசியாக நிற்கும் பெரிய எழுத்துச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்வது பிப்டெக்கின் விதி. ஆகவே ‘முருகன் எஸ்’ என்று கொடுத்தால், பட்டியலில் அவர் ‘எஸ்’ என்ற குடும்பப்பெயரோடு, முருகன் முதலெழுத்தாகச் சுருங்கி நிற்பார். ‘முருகன், எஸ்.’ என்று காற்புள்ளியிட்டுக் கொடுக்க வேண்டும். கட்டுரையாசிரியரின் சொந்தப் பெயரும் இதே வழியில்தான் பதிப்பகத்தின் தரவுக்குள் போகிறது. மெய்ப்பில் குடும்பப்பெயர் எது, இயற்பெயர் எது என்று கேட்டு வரும் கேள்வியைச் சம்பிரதாயமாகக் கருதி விட்டுவிட்டால், கட்டுரைகளைப் பட்டியலிடும் அட்டவணைத் தளங்களில் ஒரே ஆளின் கட்டுரைகள் இரண்டு மூன்று பெயர்களில் சிதறிக் கிடக்கும்.

கோப்புகளை அனுப்பும்போது மூலக்கோப்போடு மேற்கோள் கோப்பு, சொந்தப் பாணிக் கோப்புகள், கோட்டோவிய (வெக்டர்) வடிவிலான படங்கள் ஆகியவற்றையும், அதே மூலத்திலிருந்து உருவான பிடிஎஃப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கடைசித் திருத்தம் பிடிஎஃப்பில் இருந்து மூலத்தில் இல்லாமல் போனால், எது இறுதி என்று கேட்டே நாள்கள் கழியும். ஆர்க்கைவ் தளத்தில் முன்பதிப்பை இடுவோர் ஒன்றை மறக்கக் கூடாது: அங்கே ஏற்றப்படும் மூலக்கோப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சதவீதக் குறிக்குப் பின்னால் இணையாசிரியருக்காக எழுதிவைத்த குறிப்புகளும், மதிப்பீட்டாளரைப் பற்றிய முணுமுணுப்புகளும் அச்சில் வராவிட்டாலும் கோப்பில் அப்படியே இருக்கும்.

மெய்ப்பு வந்ததும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்கள்தான் அவகாசம் இருக்கும். அதை எழுத்துப்பிழை தேடுவதில் செலவிடுவதைவிட, மேலொட்டு கீழொட்டு எழுத்துகளையும், தடித்த எழுத்துக்கும் சாதாரண எழுத்துக்கும் வேறுபாடு காக்கப்பட்டிருக்கிறதா என்பதையும், புதிய வரி அகலத்துக்காக நாங்கள் முறித்த சமன்பாடுகளையும் பார்ப்பது பயன்தரும். பெருக்கற்குறி எழுதப்படாத இடத்தில் சமன்பாடு முறிந்திருந்தால், அடுத்த வரி ஒரு தனிக் கோவையைப் போலத் தோன்றக்கூடும். இதழின் முறைக்கேற்பத் தேற்ற எண்கள் மாறியிருக்கின்றனவா என்பதும் முக்கியம். முன்பதிப்பின் எண்ணை வைத்துப் பிறர் ஏற்கெனவே மேற்கோள் காட்டியிருந்தால், மாற்றத்தை ஏற்பதா, பழைய எண்ணையே கேட்பதா என்று அப்போதே முடிவு செய்துவிடலாம். வெளியான பின் திருத்த வேண்டுமென்றால் தனியே பிழைதிருத்தக் குறிப்பு வெளியிட வேண்டியிருக்கும்.

மெய்ப்போடு வரும் கேள்விப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியத்தில் விடை எழுத வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். ‘மூன்றாம் பகுதியிலுள்ள எப்சிலானும் முதல் பகுதியிலுள்ளதும் ஒன்றா, வெவ்வேறா?’ என்று கேட்டு அனுப்பினால், ‘சரி’ என்ற ஒற்றைச் சொல் விடையாக வருகிறது. அதைக் கொண்டு எங்களால் எதையும் திருத்த முடியாது. மறுபடியும் கடிதம் எழுதுகிறோம், கட்டுரை வரிசையில் காத்திருக்கிறது.