ரெஸ்ட் என்றால் ஓய்வு இல்லை

'ஓய்வு வலைச் சேவைகளை உருவாக்குதல்' என்ற தலைப்பு மறுபடியும் கண்ணில் பட்டது. சேவைக்கு எதற்கு ஓய்வு? இயந்திரம் பெயர்த்துக் கொடுத்ததை ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. இங்கே ரெஸ்ட் என்பது 'ரெப்ரசென்டேஷனல் ஸ்டேட் டிரான்ஸ்ஃபர்' என்பதன் சுருக்கம், வலைவழியே நிரல்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ளும் ஒரு வடிவமைப்பு முறை. ராய் ஃபீல்டிங் 2000இல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் வைத்த பெயர்.

ஓய்வையாவது சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். அந்த விரிவை அப்படியே பெயர்த்த 'பிரதிநிதித்துவ நிலைப் பரிமாற்றம்'தான் ஆபத்து, பார்க்க விவரம் தெரிந்தவர் செய்தது போலவே இருக்கும். பிரதிநிதி என்றால் ஒருவருக்குப் பதிலாகப் போய்ப் பேசும் ஆள். இங்கே யார் யாருக்காகப் பேசுகிறார்கள்? சிங்கப்பூரில் பல வேட்பாளர்கள் ஓர் அணியாகப் போட்டியிடும் நம் குழுத்தொகுதிகளின் ஆங்கிலப் பெயரிலும் 'ரெப்ரசென்டேஷன்' என்ற சொல் இருக்கிறது. தமிழில் அதைக் கழற்றிவிட்டோம், பொருள் ஒன்றும் குறையவில்லை. தேர்தலுக்கே வேண்டாத சொல் தரவுத்தளத்துக்கு எதற்கு?

நடப்பதைப் பாருங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொதுத் தரவுச் சேவையான டேட்டாமாலுக்குப் பேருந்து நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணைக் கொடுத்து ஒரு 'கெட்' (தகவல் கேட்கும் கோரிக்கை) அனுப்பினால், ஜேசான் என்ற தரவு வடிவில் பதில் வரும்: அடுத்த பஸ் எப்போது, உட்கார இடம் உண்டா (எஸ்இஏ), நிற்கத்தான் இடமா (எஸ்டிஏ). பஸ் கைப்பேசிக்குள் வந்துவிடவில்லை. அதன் அந்நேரத்து நிலை ஓர் உருவெடுத்து வருகிறது. ஆகவே நிலையுருப் பரிமாற்றம். தரவுத்தளத்தின் அதே வரிசையை ஜேசானாகவும் தரலாம், எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு வடிவிலும் தரலாம். நிலை ஒன்று, உரு இரண்டு. ஜாங்கோ, ஸ்பிரிங் பூட் போன்ற மென்பொருள் சட்டகங்கள் (ஃபிரேம்வொர்க்) இந்த உருமாற்ற வேலையை நமக்காகச் செய்து தருகின்றன. (சட்டகம்தான். பாலம், சாலை, மென்பொருள் எல்லாவற்றையும் 'கட்டமைப்பு' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது தனி வழக்கு.) பேச்சில் ரெஸ்ட் ஏபிஐ (நிரல்கள் பேசிக்கொள்ளும் இடைமுகம்) என்றே சொல்லுங்கள், குற்றமில்லை. எழுதும்போது ஒரு தடவை விரித்துச் சொல்லிவிட்டு, அப்புறம் ரெஸ்ட் என்றே தொடரலாம்.

இதைவிட எரிச்சலூட்டுவது, 'ஸ்டேட்லெஸ் சர்வர்' என்பதற்கு எழுதும் 'நிலையற்ற சேவையகம்'. ரெஸ்ட் விதிப்படி, சேவையகம் முந்தைய கோரிக்கை எதையும் மனதில் வைத்துக்கொள்ளாது. வேண்டிய விவரம் முழுவதையும் ஒவ்வொரு கோரிக்கையும் சுமந்து வரவேண்டும். 'நினைவு வைக்காத' என்று எழுதினால் தீர்ந்தது. ஆனால் ஆங்கிலச் சொல்லைப் பிய்த்து, துண்டுக்குத் துண்டு தமிழ் ஒட்டுவதே மொழிபெயர்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தமிழில் நிலையற்றவை யாக்கை, இளமை, செல்வம். பாலிடெக்னிக் மாணவர் அந்த வரியைப் படித்தால், இந்த சர்வர் அடிக்கடி படுத்துவிடும் போலிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்.