இந்தப் பக்கம் யாருடையது?

எங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை நடந்துகொண்டிருந்த நேரம், ஒரு மாணவி போன் செய்தார். "கடைசி நாள் 30-ன்னு உங்க இணையப் பக்கத்துலதானே சார் போட்டிருக்கு, விண்ணப்பத்தைத் திறந்தா முடிஞ்சிடுச்சுன்னு வருதே" என்றார். அப்படி இருக்காதம்மா என்று சொல்லிக்கொண்டே தேடிப் பார்த்தேன். இருந்தது. 4 வருடங்களுக்கு முன் ஒரு துறை தனக்கென்று தனியாகப் போட்டுக்கொண்ட சேர்க்கைப் பக்கம், அதில் நாளும் மாதமும் இருந்தன, வருடம் மட்டும் இல்லை. தேடுபொறியில் எங்கள் அசல் சேர்க்கைப் பக்கத்துக்கு மேலே அதுதான் வந்து நின்றது. போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார். துறையில் கேட்டால் கணினி மையத்தைக் கேளுங்கள் என்றார்கள், கணினி மையத்தில் கேட்டால் துறையைக் கேளுங்கள் என்றார்கள். அன்று மாலையே பக்கத்தை எடுத்துவிட்டோம். அந்த மாணவியின் விண்ணப்பம் அந்த வருடம் ஏற்கப்படவில்லை.

பல்கலைக்கழக இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் பல வருடங்களாக இருக்கிறேன். எங்களிடமும் விதிமுறைப் புத்தகம் ஒன்று உண்டு: சின்னம் எந்த மூலையில் வர வேண்டும், எழுத்து எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகச் சொல்லும். அதில் ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கிழித்துவிடு என்று யாராவது சொன்னால், ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதைத்தான் வைத்துக்கொள்வேன். 'துறை' என்றோ 'அலுவலகம்' என்றோ எழுதினால் போதாது, பெயர் வேண்டும். அவர் மாறிப்போனால் அடுத்து யார் என்பதும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும், மின்னஞ்சல் மட்டும் பதவியின் பெயரில் இருக்கட்டும், ஆள் மாறினாலும் அது மாறாது. வருடத்துக்கு ஒரு முறை 'இது இன்னும் சரியாக இருக்கிறதா' என்று அந்தப் பெயருக்கு ஒரு கடிதம் போக வேண்டும், இரண்டு முறை கேட்டும் பதில் இல்லையென்றால் பக்கத்தை இறக்கிவிட வேண்டும். இறக்கினால் சண்டைக்கு வருவார்களே என்று முதலில் பயந்தோம். வந்தால் நல்லதுதான், பொறுப்பாளர் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம்.

'இறக்குவது' என்றால் என்ன என்பதிலும் குழப்பம் இருக்கிறது. மெனுவிலிருந்து லிங்க்கை எடுத்துவிட்டால் பக்கம் போய்விட்டது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். போகாது. முகவரி தெரிந்தவர்களுக்கு அது அங்கேயே திறக்கும், தேடுபொறிக்கோ முகவரி எப்போதோ தெரியும். இன்னும் சிலர் தேடுபொறிகளுக்காகத் தளத்தில் வைக்கிற ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி (robots.txt) கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். அது 1994-இல் வந்த ஏற்பாடு, 2022-இல்தான் முறையான தரமாக எழுதப்பட்டது, தேடுபொறிகளிடம் 'இங்கே வராதீர்கள்' என்று கேட்டுக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது, பூட்டுப் போடுகிற வேலை அதற்கு இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். 'ரகசிய மதிப்பெண்' என்ற ஃபோல்டரின் பெயரை அதில் எழுதி வைப்பதும் ஒன்று, திருடனுக்கு வழி காட்டிப் பலகை வைப்பதும் ஒன்று.

மதிப்பெண் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு முறை உதவித்தொகைக்குத் தேர்வானவர்களின் பட்டியல் பிடிஎஃப்பாக வந்தது, போன் எண்கள் இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்திருந்தார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. சும்மா ஒரு சந்தேகத்தில் அந்தக் கட்டத்தின் மேல் மவுஸை இழுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டினேன். வரிசையாக எல்லா எண்களும் வந்து விழுந்தன. கட்டம் எழுத்தின் மேல் வரைந்த படம்தான், அடியில் எழுத்து அப்படியே இருக்கிறது. எக்ஸெலில் நெடுவரிசையை 'ஹைட்' செய்து அனுப்புவதும் இதே கதை, வாங்குகிறவர் ஒரு சொடுக்கில் விரித்துவிடுவார். மறைக்க வேண்டியதை மூலக் கோப்பிலேயே அழித்துவிட்டு, அதன் பிறகு புதிதாக பிடிஎஃப் எடுங்கள். இன்னொன்றையும் யோசியுங்கள்: பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பட்டியல் வெளியிடுகிறோமே, பல இடங்களில் தேர்வு முடிவைப் பார்க்க அந்த இரண்டும்தான் சாவி. வெளியே போனதைத் திரும்பப் பிடிப்பதும் லேசான காரியம் இல்லை. வேபேக் மெஷின் போன்ற இணையக் காப்பகங்கள் நாம் அழிப்பதற்கு முன்பே பிரதி எடுத்திருக்கலாம், தேடுபொறியின் நினைவிலும் சில நாள் இருக்கும், ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

கைவிடப்பட்ட தளங்கள் இன்னொரு தலைவலி. மாநாட்டுக்கு ஒரு சப்டொமைன் (நம் தள முகவரிக்குக் கீழே வரும் கிளை முகவரி), மாணவர் விழாவுக்கு ஒன்று, ஆய்வுத் திட்டத்துக்கு ஒன்று என்று கேட்கிறபோதெல்லாம் கொடுத்துவிடுவோம். விழா மூன்று நாளில் முடியும், தளம் முடியாது, பழைய வேர்ட்பிரஸும் (தளம் நடத்தும் மென்பொருள்) அதைவிடப் பழைய பிளகின்களுமாக (அதில் சேர்க்கும் துணை நிரல்கள்) அது பாட்டுக்குக் கிடக்கும். தேடுபொறிகளிடம் பல்கலைக்கழக முகவரிக்கு நல்ல மதிப்பு உண்டு என்பது நமக்குத் தெரிகிறதோ இல்லையோ சூதாட்டத் தளக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், உள்ளே புகுந்து ஆயிரக்கணக்கில் பக்கங்களை நட்டுவிட்டுப் போவார்கள், முகப்பு மட்டும் பழையபடியே இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரியாது. இப்போதே உங்கள் நிறுவனத்தின் டொமைன் பெயரோடு 'கேசினோ' என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். நான் முதல் தடவை அப்படித் தேடிய நாளில் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

வெளி மேகக் கணினிச் சேவையில் தளத்தை வைத்துவிட்டு நம் சப்டொமைனை அங்கே திருப்பி விடும்போது வேறொரு ஆபத்து உண்டு. சேவையை நிறுத்திவிடுவோம், முகவரி எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை மறந்துவிடுவோம். காலியான அந்த இடத்தை வேறு யாராவது தன் பெயரில் எடுத்துக்கொண்டால் நம் முகவரியில் அவருடைய கடை திறந்துவிடும், பாதுகாப்பான இணைப்பு என்று உலாவி காட்டுகிற பூட்டு அடையாளம் முதற்கொண்டு கிடைத்துவிடும். ஆகவே முதலில் டிஎன்எஸ் பதிவை நீக்குங்கள், சேவையை அப்புறம் நிறுத்துங்கள், இந்த வரிசை மாறக் கூடாது. மாநாட்டுக்கென்று வெளியே தனி டொமைன் வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: புதுப்பிக்காமல் விட்டால் அதை வாங்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், நம் துறைப் பக்கத்தின் லிங்க் அதற்குப் பிறகும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும்.

மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லாரும் படிக்க முடிகிறதா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவதுதான் வழக்கம். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு நடந்ததை இதற்காகவே அடிக்கடி சொல்வேன். அவர்கள் இலவசமாக வெளியிட்டிருந்த விரிவுரை வீடியோக்களில் சரியான வசன வரிகள் இல்லை என்று காது கேளாதோர் தரப்பிலிருந்து புகார் போனது. சட்டப்படி இது குறைபாடுதான் என்று அமெரிக்க நீதித்துறை 2016-இல் எழுதியது. சரிசெய்ய ஆகும் செலவைக் கணக்குப் பார்த்த பல்கலைக்கழகம் 2017-இல் 20,000-க்கும் மேற்பட்ட வீடியோ, ஆடியோ பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. புகார் செய்தவர்களுக்கும் பலன் இல்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் பலன் இல்லை. வெளியிடும்போதே ஒவ்வொன்றாகச் செய்திருந்தால் அத்தனை வேலை ஒரே நாளில் தலையில் விழுந்திருக்காது. இதே காரணத்துக்காக ஹார்வர்டு, எம்ஐடி இரண்டின் மீதும் 2015-இல் வழக்குப் போட்டார்கள், இரண்டும் பிற்பாடு சமரசத்தில் முடிந்தன.

நம் அளவில் செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து ஏற்றினால் அது வெறும் படம், பார்வையற்ற மாணவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் அதில் படிக்க ஒரு சொல்லும் இல்லாமல் மௌனமாகக் கடந்து போகும், எனவே செய்தியைப் பக்கத்திலேயே தட்டச்சு செய்துவிட்டு ஸ்கேனைத் துணைக்கு வையுங்கள். திரைவாசிப்பானில் லிங்க்குகளை மட்டும் தனியாகப் பட்டியலிட்டுக் கேட்க முடியும். எங்கள் பழைய அறிவிப்புப் பக்கத்தில் அதை நான் போட்டுக் கேட்டபோது 'இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்' என்று 14 முறை சொன்னது. லிங்க்கில் 'விடுதிக் கட்டண விவரம்' என்று எழுத எத்தனை நொடி ஆகிவிடும்? வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வேண்டும் என்று கேட்கிற வடிவமைப்பாளரிடம், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு இருக்க வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டி சொல்கிறது, அளந்து காட்டுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

முகவரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல முகவரி மாறாது என்று உலகளாவிய வலையைக் (www) கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவிட்டார், நாம்தான் தளத்தைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் எல்லா முகவரியையும் மாற்றுகிறோம். யாரோ ஒருவருடைய ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் நம் பழைய முகவரி அச்சாகியிருக்கும், அதை இனித் திருத்த முடியாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள், எல்லாரையும் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடாதீர்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது: விதி அதிகமானாலும் ஆபத்துதான். ஒரு கருத்தரங்க அறிவிப்புக்குத் துறைத் தலைவர், டீன், பதிவாளர் என்று மூன்று கையெழுத்துக் கேட்ட காலம் ஒன்று இருந்தது, அறிவிப்பு ஏறும்போது கருத்தரங்கம் முடிந்திருக்கும். பேராசிரியர்கள் என்ன செய்வார்கள், இலவசத் தளம் எதிலாவது தாங்களே போட்டுக்கொண்டார்கள், அது எங்கே இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இப்போது எழுதுகிறவர் ஒருவர், படித்துப் பார்க்கிறவர் இன்னொருவர், அவ்வளவுதான். கட்டணம், தேதி, தேர்வு சம்பந்தப்பட்டவை மட்டும் அந்தந்த அலுவலகம் பார்க்காமல் ஏறாது, மற்றத் துறைகள் அவற்றைத் தங்கள் பக்கத்தில் திரும்ப எழுதவும் கூடாது, லிங்க் மட்டும்தான் கொடுக்க வேண்டும். ஆசிரியரின் சொந்தப் பக்கத்தில் அவர் என்ன எழுதுகிறார் என்பதில் நாங்கள் தலையிடுவதில்லை. ஒரே 'அட்மின்' பாஸ்வேர்டை ஐந்து பேர் வைத்துக்கொள்வதில் மட்டும் தலையிடுவோம்.

போன வாரம் ஒரு மூத்த பேராசிரியர் அவராகவே கூப்பிட்டார். மாதக் கடைசியில் ஓய்வு, தன் பெயரில் 11 பக்கங்கள் இருக்கின்றன, யாருக்கு மாற்றுவது என்று கேட்டார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம், இரண்டை இனி யாரும் தேட மாட்டார்கள், எடுத்துவிடலாம் என்று அவரே சொல்லிவிட்டார். மீதி 9-க்குப் பெயர் கேட்டுத் துறைக்கு எழுதியிருக்கிறோம், இதுவரை 6 வந்திருக்கிறது.